கம்பி இழுத்தால் ஒலி: ப்யூர் டேட்டா உள்ளே என்ன நடக்கிறது?

பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருளான ப்யூர் டேட்டாவில் புதிய கோப்பைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். பியானோ கட்டையும் கிடையாது, பதிவுசெய்த தாளமும் கிடையாது. அங்கே ஒரு பெட்டி போட்டு 'ஓ.எஸ்.சி.~ 440' (osc~, அலையை உருவாக்குவது) என்று எழுதுங்கள். அதன் கீழே '*~ 0.1' (அலையை 0.1-ஆல் பெருக்குவது), அதற்கும் கீழே 'டி.ஏ.சி.~' (dac~, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவது). மூன்றையும் மேலிருந்து கீழாகக் கம்பியால் இணைத்து, ஒலிக் கணக்கீட்டை இயக்கும் டிஎஸ்பி (DSP) கட்டத்தை டிக் செய்தால் ஸ்பீக்கரில் ஒரே சீரான சுரம் கேட்கும். நடுவிலுள்ள 0.1-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓ.எஸ்.சி.~ எப்போதும் முழு வீச்சில்தான் ஒலிக்கும். ஹெட்போன் போட்டிருந்தால் காது தாங்காது.

மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வு மையத்தில் 'மேக்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 1957-லேயே பெல் ஆய்வகத்தில் கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸின் பெயர்தான் அது. மேக்ஸ் பிறகு விற்பனைச் சரக்கானது. 1990களில் பக்கெட் அதே சிந்தனையைப் புதிதாக எழுதி, மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவைத்தார். அதுதான் ப்யூர் டேட்டா.

இதைக் கற்க வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, இங்கே கம்பிகள் இரண்டு வகை என்பதைத்தான். மெல்லிய கம்பியில் செய்தி போகும்: ஓர் எண், ஒரு கட்டளை. நீங்கள் அழுத்தினால் போகும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். தடித்த கம்பியில் ஒலி ஓடும். டிஎஸ்பி இயங்கும்வரை அது நிற்பதே இல்லை. பெயரின் வாலில் ~ இருக்கும் பெட்டிகள் எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஒலி என்பது இங்கே எண்களின் வரிசை. நொடிக்கு 48,000 எண்கள் என்று வைத்தால், 440 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்குச் சுமார் 109 எண்கள். அவற்றை 64, 64-ஆகக் கட்டுக்கட்டாகக் கணக்கிடுகிறது. நொடிக்கு 750 கட்டுகள். இரண்டு கட்டுகளுக்கு இடையில்தான் செய்திகள் கவனிக்கப்படும்.

ஒலியளவைச் சட்டென்று குறைத்தால் 'டிக்' என்று கேட்பது இதனால்தான். 0.1 என்றிருந்த பெருக்கம் அடுத்த கட்டிலேயே 0 ஆகிறது. அலை பாதியில் செங்குத்தாக விழுகிறது. அந்த வெட்டைத்தான் காது 'டிக்' என்று கேட்கிறது. நடுவே 'லைன்~' (line~) பெட்டியைப் போட்டு '0 20' என்று செய்தி அனுப்புங்கள். 20 மில்லிநொடியில், 960 எண்கள் வழியாக, ஒலி படிப்படியாக இறங்கும். டிக் போய்விடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 0.1-க்கு முன்னால் இன்னொரு *~ சேர்த்து, அதன் வலது துளையில் 'ஓ.எஸ்.சி.~ 5'-ஐ இணையுங்கள். சுரம் நொடிக்கு 10 முறை துடிக்கும். 5-ஐ மெல்ல 200 வரை ஏற்றிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் துடிப்பு கரகரப்பாக மாறும். பிறகு அதுவும் மறைந்து, 240-லும் 640-லும் இரண்டு சுரங்கள் தனித்தனியே எழும். 440 காணாமலே போயிருக்கும். அலைகளைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் கிடைக்கும் என்று பள்ளியில் படித்த முக்கோணவியல் சூத்திரம் காதில் கேட்கும் தருணம் அது.

சந்தேகம் வந்தால் எந்தப் பெட்டியின் மீதும் வலது சொடுக்கி 'ஹெல்ப்' கொடுங்கள். திறப்பது வெறும் விளக்கவுரை அல்ல, ஓடுகிற பேட்ச், அதாவது பெட்டிகளும் கம்பிகளும் இணைந்த கோப்பு. அதிலிருந்து வேண்டிய பெட்டிகளை நகலெடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.