கைமையா, இடவலமா?

வேலூரில் நடக்கவிருந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கான துண்டறிக்கையை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் நிகோடின் பொட்டலங்களைப் பற்றியது. உள்ளே இருப்பது செடி தந்த நிகோடினா, ஆய்வகத்தில் செய்ததா என்று அறிய ‘கைமைப் பரிசோதனை’யாம். இந்தச் சொல்லை நான் பார்ப்பது மூன்றாவது முறை.

ஆங்கில மூலச்சொல் கைரல் (chiral). கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1893இல் ஆக்கியது. எப்படித் திருப்பினாலும் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத வடிவத்தைக் குறிக்கும்.

கிரேக்கர் கையைப் பிடித்தால் நாமும் பிடிக்க வேண்டுமா? தமிழில் கைமை (சரியான எழுத்தில் கைம்மை) என்றால் விதவை நிலை. கைம்பெண் என்ற சொல் இன்னும் சாகவில்லை. அத்தையிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். “இன்னாடா, நிகோடினுக்குப் புருஷன் செத்துட்டானா?” என்றார்.

சரி, ‘சீர்மையற்ற’ என்று போடலாமே என்பார்கள். அதுவும் ஓட்டைதான். மூன்று இறக்கை மின்விசிறியை 120 டிகிரி திருப்பினால் அதே விசிறி, ஆக சீர்மை இருக்கிறது. ஆனால் இறக்கைச் சாய்வால் அதன் பிம்பம் வேறு விசிறி. அதே பக்கம் சுற்றவிட்டால் காற்று மேலே போகும். சீர்மையும் உண்டு, கைரலும் உண்டு.

நான் எழுதுவது இடவலம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மச்சானுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தோலை இழுத்து ஏற்றும் அச்சை அங்கே லாஸ்ட் என்பார்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அளவு ஒன்றானாலும் மாற்றிப் போட முடியாது. நிகோடின் மூலக்கூறும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வகை. புகையிலைச் செடி செய்யும் நிகோடினில் சுமார் 99 சதவீதம் ஒரே கால். ஆய்வகத்தில் செய்ததில், தனியே பிரிக்காவிட்டால், பாதிக்குப் பாதி. கலவையைப் பிரித்துக் காட்டும் வண்ணப்பிரிகைக் குழலில் நிரப்பும் பொருளுக்கும் இடவலம் இருந்தால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வெளிவரும், அளந்துவிடலாம். ஆய்வகத்தில் செய்ததிலிருந்து செடியின் வகையை மட்டும் பிரித்து விற்கும் கில்லாடிகளும் உண்டு. அதற்குக் கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 பார்க்க வேண்டும்: காற்றிலிருந்து செடி எடுத்த கார்பனில் இருக்கும், பெட்ரோலியத்திலிருந்து வந்ததில் இருக்காது. நார்நிகோடின், அனபாசின் போன்ற சில்லறை ஆல்கலாய்டுகளும் செடியைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய மூலக்கூறு ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் பக்கத்துக்கு இடஞ்சுழி, வலஞ்சுழி என்ற அருமையான சொற்கள் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பார்கள், பாடப்புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள்.

‘இடவலப் பரிசோதனை’ என்று சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் ‘கைம்மைப் பரிசோதனை’ என்று இருந்தது. யாரோ எழுத்துப்பிழையை மட்டும் சரிசெய்திருக்கிறார்கள்.