டோஸ் என்றால் அளவா, வேளையா?

‘டோஸைக் குறைச்சிருக்கு’ என்று கேட்டதும் நம் வீடுகளில் மாத்திரையைப் பாதியாக உடைத்துவிடுவார்கள். எங்கள் ஆச்சியும் அதற்குத்தான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிமோனியாக் காய்ச்சல், சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. பாளையங்கோட்டை மருந்துக் கடையில் கொடுத்த காகித உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்னும் வழக்கமான 1-0-1 இல்லை. லீவோஃப்ளாக்சசின் 750 மில்லிகிராம், 48 மணி நேரத்துக்கு ஒன்று என்று பேனாவால் எழுதியிருந்தது.

“உடைக்க வேண்டாம் ஆச்சி, முழுசுதான். ஒருநாள் விட்டு ஒருநாள்.”

“அப்படி வெவரமாச் சொல்லு.”

டோஸ் கிரேக்கச் சொல். ‘தோசிஸ்’ என்றால் கொடுத்தல். ஒரு தடவை கொடுப்பது ஒரு டோஸ். இதை ‘மருந்தளவு’ என்கிறோம். தவறில்லை, ஆனால் பாதிப் பொருள்தான் வருகிறது. எவ்வளவு என்பது இருக்கிறது, எப்போது என்பது இல்லை.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த ‘எப்போது’ பெரிய விஷயம். லீவோஃப்ளாக்சசின், ஜென்டமைசின், வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். வழி அடைபட்டால் மருந்து ரத்தத்திலேயே தங்கும். ஜென்டமைசின் தங்கினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். ஆனால் இதுவும் லீவோஃப்ளாக்சசினும் ரத்தத்தில் நன்றாக ஏறினால்தான் கிருமியைக் கொல்லும். அதனால் அளவைத் தொடாமல் இடைவெளியை நீட்டுவது வழக்கம். பென்சிலின் வகைகளில் பெரும்பாலும் அளவைக் குறைப்பார்கள். எதுவானாலும் முதல் வேளை பொதுவாக முழு அளவுதான். பிசான நெல் நடவில் சேற்றில் நிற்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினுக்கு இந்தத் திருத்தமே தேவையில்லை.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2 என்று பார்த்து ‘ஒண்ணுமில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தநீரைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிட, 1976-இல் வந்த காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 70 வயது, 50 கிலோ உள்ள பெண்ணுக்கு அதே 1.2-க்கு வருவது நிமிடத்துக்குச் சுமார் 34 மில்லிலிட்டர். 50-க்குக் கீழே போனாலே லீவோஃப்ளாக்சசினின் இடைவெளியை மாற்றுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மாத்திரை’ என்ற சொல்லே வடமொழி ‘மாத்ரா’விலிருந்து வந்தது. அதற்கு அளவு என்று பொருள். நம் இலக்கணத்தில் அது காலத்தின் அளவு: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. காலமும் அளவும் சேர்ந்திருந்த அந்தச் சொல் இன்று வில்லைக்குப் பெயராகிவிட்டது, இனித் திருப்ப முடியாது. எனக்குப் பிடித்தது ‘வேளை’. ‘மூணு வேளை மருந்து’ என்று ஊரே சொல்கிறது. டோஸுக்கு வேளை, அதில் கொடுப்பதற்கு வேளையளவு, நடுவில் விடுவதற்கு வேளை இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். ‘டோஸைக் குறைச்சிருக்கு’ என்பதற்குப் பதில் ‘வேளையைத் தள்ளி வச்சிருக்கு’ என்றிருந்தால் கத்தரிக்கோலுக்கு வேலை வந்திருக்காது.

ஆச்சி நாட்காட்டியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வட்டம் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன்.