டுரியான் கடைக்காரருக்குத் தெரிவதும் நாலு நம்பர்க்காரருக்குத் தெரியாததும்

டுரியான் சீசனில் பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் போனால், சாலையோரக் கடைக்காரர்கள் பழம் பொறுக்குவதைப் பாருங்கள். ஒன்றைத் தூக்கி, காதருகே லேசாகக் குலுக்கி, காம்பைப் பார்த்து, மோந்துவிட்டுச் சட்டென ஒதுக்குவார். “எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?” என்றால், “அது தெரியும் தம்பி” என்பார். மழுப்பல் இல்லை, அதற்கு மேல் அவருக்கே சொல்லத் தெரியாது.

பழுத்த சுளை ஓட்டை விட்டுச் சற்று விலகுவதால், குலுக்கினால் உள்ளே மெல்ல ஆடும். காம்பு காய்ந்திருந்தால் பழம் விழுந்து நேரமாகிவிட்டது. இப்படிச் சின்னச் சின்னத் தடயங்களை, இதுவரை வெட்டிப் பார்த்த பழங்களோடு மூளை ஒரு நொடியில் ஒப்பிட்டுவிடுகிறது. முடிவு மட்டும் மேலே வருகிறது, கணக்கு வருவதில்லை. இதைத்தான் உள்ளுணர்வு என்கிறோம். 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் இதையே கண்டார்கள். நிஜ ஆட்டத்தின் பலகையை ஐந்து நொடி காட்டினால், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களை அப்படியே திருப்பி வைத்தார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அந்தத் திறமை ஏறக்குறைய காணாமல் போனது.

சரி, உள்ளுணர்வு தோன்றும்போது நெஞ்சு படபடப்பதும் வயிறு பிசைவதும் எதற்கு? 1997-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பெச்சாரா, டமாசியோ குழுவினர் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். இரண்டு கட்டுகள் பெரிய லாபம் காட்டிக் கடைசியில் கவிழ்ப்பவை. பத்துச் சீட்டு எடுத்ததுமே, மோசமான கட்டை நோக்கிக் கை போகும் முன் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. “இது சரியில்லையோ” என்று வாய்விட்டுச் சொன்னதோ ஐம்பதாவது சீட்டு வாக்கில்தான். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் அடிப்பகுதி சேதமானவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. அவர்கள் மோசமான கட்டுகளையே தொடர்ந்து எடுத்தார்கள். பின்னர் 2004-இல் வேறு இருவர் கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டபோது, ஆட்டக்காரர்களுக்கு முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தது புலப்பட்டது. உடல்தான் முதலில் அறிகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது லாட்டரி விற்கும் நாலு நம்பர் கடைக்கு வருவோம். கனவில் பாம்பு வந்தது, மோதிய கார் நம்பர் கண்ணில் பட்டது, “மனசு சொல்லுது, அடிக்கும்” என்று எடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். எல்லாவற்றுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். முப்பது வருஷம் எடுத்தாலும் மூளை கற்றுக்கொள்ள அங்கே ஒழுங்கே கிடையாது. ஆனால் படபடப்பு என்னவோ டுரியான்காரருக்கு வருவதைவிடப் பலமாக வரும்!

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர்க் கருத்துடையவர்களாக இருந்தார்கள். 2009-இல் சேர்ந்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள்: விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்க வேண்டும். டுரியானை வெட்டினால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். வேலைக்கு ஆள் எடுப்பதில் அப்படியில்லை. ‘பார்த்ததுமே பிடிக்கல’ என்று அனுப்பிவிட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியப்போவதே இல்லை.

1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்காகக் கானமன் நேர்காணல் முறை ஒன்றை வகுத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியே விசாரித்து மதிப்பெண் போட வேண்டும். மனசுக்குப் பட்டதைச் சொல்ல விடவில்லை என்று நேர்காண்பவர்கள் முணுமுணுத்தார்கள். அதனால், எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, அந்த ஆளைப் படைவீரராக நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் தரச் சொன்னார். அப்புறம் சரிபார்த்ததில், அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கே பலித்திருந்தது.