அடையாள அட்டை நகலும் தோட்டத்து செக்ரோலும்: தரவுச் சட்டத்துக்குக் காத்திருக்கும் மலையகம்

பிரதேச செயலகம், வங்கி, சிம் கடை, குழுக்கடன் கொடுப்பவர், டியூஷன் வகுப்பு, சேமலாப நிதிப் படிவம் நிரப்பித் தருபவர். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் அடையாள அட்டை நகல் இத்தனை இடங்களில் கிடக்கும். அதை வைத்து என்ன செய்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்கும் உரிமை இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சிக்கல் அதன் நடைமுறை நாளில்தான்.

2022 மார்ச் 19இல் சட்டம் சான்றுப்படுத்தப்பட்டது. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைக்கும் பாகம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உரிமைகளையும் நிறுவனங்களின் கடமைகளையும் சொல்லும் முக்கிய பாகங்கள் 2025 மார்ச் 18இல் தொடங்க இருந்தன. கடைசி நேரத்தில் அந்த அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் பழைய காலக்கெடுவை நீக்கி, அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் நாளில் தொடங்கலாம் என்று மாற்றியது. அதிகார சபை ஆளணியோடு தயாராவதற்கு அவகாசம் தேவை என்பதை ஏற்கலாம். நாளே குறிக்காமல் திறந்து விட்டதை ஏற்க முடியாது. இந்தியாவும் 2023இல் இயற்றிய சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகளை வெளியிட்டது. ஆனாலும் முக்கிய கடமைகளுக்கு 18 மாதம் என்று அங்கே கெடு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, மீறலுக்கு ஒரு கோடி ரூபா தண்டம் என்று பயமுறுத்தி யாராவது மென்பொருள் விற்க வந்தால், எந்தப் பாகம், எந்த வர்த்தமானி என்று முதலில் கேளுங்கள். ஒரு கோடி வரை என்பது சட்டத்தில் உள்ள உச்சவரம்புதான். யார் மீது, எப்போதிலிருந்து என்பதை வர்த்தமானியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இது கணினிக்காரர்களின் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. ஒருவரை நேராகவோ சுற்றிவளைத்தோ அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் இதற்குள் வரும். தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் (தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் பேரேடு), தோட்ட டிஸ்பென்சரியின் நோயாளர் பதிவு, பிள்ளை மடுவத்தின் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின்) பெயர்ப் பட்டியல், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம் எல்லாம் தாளில் இருந்தாலும் தரவுதான். வீட்டுக்குள் நமக்காக எழுதிவைப்பது மட்டும் விலக்கு. கைரேகை வைத்து வரவு பதியும் இயந்திரம் வாங்க நினைக்கும் தோட்ட நிர்வாகங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைரேகை போன்ற உயிரளவைத் தரவும் உடல்நலத் தகவலும் சட்டத்தில் விசேட வகை. அவற்றுக்குக் கூடுதல் நிபந்தனை உண்டு. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அடையாளம் காணாமலும் போகும். அப்போது அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைக் கணக்கு, விழாது. கையால் திருத்தும் வழி ஒன்றை முதல் நாளிலேயே எழுத்தில் வைத்திருங்கள்.

அடையாள அட்டை எண்ணை வெறும் எண்ணாக எடுக்காதீர்கள். 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டப்படும். 1990715 என்று தொடங்கினால் 1990 ஆகஸ்ட் 2இல் பிறந்த பெண். (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு.) உதவி பெறுவோர் பட்டியலைச் சுவரில் ஒட்டும்போது முழு எண்ணையும் போட்டால் பிறந்த திகதியையும் சேர்த்து ஒட்டியதாகிவிடும். கடைசி நான்கு இலக்கம் போதும்.

நகல் கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு, என்ன திகதி என்று பேனாவால் எழுதிக் கையொப்பமிடுங்கள். வெற்று ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுநகல் எடுக்கலாம். அட்டையின் படத்துக்குக் குறுக்கே, எண் வாசிக்கக்கூடியதாக எழுத வேண்டும். கொமியூனிகேஷன் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுப்பதில்தான் பெரிய ஓட்டை. உங்கள் பக்கம் செய்தியை அழித்தாலும் கடைக் கணினியின் டவுன்லோட் கோப்புறையில் அது கிடக்கும். அங்கேயும் குப்பைத் தொட்டியிலும் அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வெற்றுப் படிவத்தில் பெருவிரல் வைக்கவே வேண்டாம்.

பள்ளிக்கூடப் பை கொடுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு சொல். பிள்ளையின் முகம், பெயர், பாடசாலை, தோட்டத்தின் டிவிசன் எல்லாவற்றையும் ஒரே முகநூல் பதிவில் போடுகிறீர்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவும் விசேட வகைதான். சம்மதம் பெற்றோரிடமோ சட்டப் பாதுகாவலரிடமோ பெற வேண்டும். பை கையில் வந்த பிறகு கேட்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பையை மட்டும் படம் பிடித்தாலும் நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டலாம்.

முழுச் சட்டமும் வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அரச அலுவலகம் உங்களைப் பற்றி என்ன பதிந்து வைத்திருக்கிறது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பெயர், கோப்பு எண் தெரிந்தால் அது, எந்த ஆண்டுப் பதிவு, நகல் வேண்டுமா பார்வையிடவா என்பதை எழுதுங்கள். ‘எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பி நாளைக் கடத்துவார்கள். உங்கள் பெயரில் தெரியாத கடனோ பிணைக் கையொப்பமோ இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், வங்கி வழியாகக் கடன் தகவல் பணியகத்தின், அதாவது கிரிப்பின், சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் நிறுவனத்தோடு பேசப் போகும்போது அந்த அறிக்கை கையில் இருக்கட்டும்.