மீதமான கருவும் முழங்கால் ஊசியும்: ஸ்டெம் செல் விதிகள் என்ன சொல்கின்றன?

பெங்களூருவின் அல்சூர், சிவாஜி நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்டெம் செல் (உடம்பின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் வந்து சேர்கிறது. ஒன்று, ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கருவை உண்டாக்கும் சிகிச்சை) கிளினிக்கில் நீட்டும் படிவம்: மீதமாகும் கருக்களை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்கும். இன்னொன்று, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ தேய்ந்துபோன முழங்காலுக்கோ ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்னும் விளம்பரம். படிவத்தைப் பார்த்து மிரள்கிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். விதிகளைப் படித்தால், மிரள வேண்டியது எதற்கு என்பது தலைகீழாகத் தெரியும்.

முதலில் பழைய சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தது. அதற்கு ஐந்தாறு நாள் வயதான கருவை அழிக்க வேண்டியிருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், ஏற்கெனவே உருவாக்கப்பட்ட செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிக்கொண்டே போகும் செல்களுக்கு) மட்டுமே அரசுப் பணம் என்று அறிவித்தார். அத்தகைய செல் வரிசைகளை வைத்திருந்தவர்கள் என்று அப்போது அமெரிக்கா வெளியிட்ட பட்டியலில் நம் பெங்களூருவின் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.பி.எஸ்ஸும் இருந்தது. பிறகு ஜப்பானின் யமனகா, 2006இல் எலியின் செல்லையும் 2007இல் மனிதத் தோல் செல்லையும் கருச் செல் போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் வந்தது; கருவை அழிக்கத் தேவையில்லாத வழி கிடைத்ததால் சண்டையின் சூடு தணிந்தது.

இந்தியா இந்தச் சண்டையின் இரு தரப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 நெறிமுறைகள் ஆராய்ச்சியை அனுமதிக்கப்பட்டது, கட்டுப்படுத்தப்பட்டது, தடை செய்யப்பட்டது என்று பிரிக்கின்றன. ஐவிஎஃப்பில் மீந்த கருவிலிருந்து செல் வரிசை உருவாக்கலாம். ஆனால் நிறுவனத்தின் ஸ்டெம் செல் குழுவும் நெறிமுறைக் குழுவும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காகவே புதிதாகக் கருவை உண்டாக்குவது கட்டுப்படுத்தப்பட்ட வகை. கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதும், மனிதரைக் குளோனிங் செய்வதும் கூடாது.

இனி அந்தப் படிவம். இங்கே 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள் உறைய வைக்கலாம். அப்புறம் அதை அழியவிடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு, இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். சம்மதம் இல்லாமல் தர முடியாது. கருவை விற்பதும் ஆராய்ச்சிக்காக வெளிநாடு அனுப்புவதும் தடை. "தந்தால் கட்டணத்தில் குறைத்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அதுவே எச்சரிக்கை மணி. கருவுக்கு விலை கிடையாது. வேண்டாம் என்று எழுதுவதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினாலும், கரு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தப்படும் முன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மட்டும் இருந்தால், கேட்டுப் புரிந்துகொள்ளும்வரை பேனாவைத் தொட வேண்டாம். மாமியார் முன்னால் வைத்துச் சம்மதம் கேட்கும் கிளினிக்குகளும் உண்டு. முடிவு தம்பதியுடையது மட்டுமே.

சரி, ஊசிக்கு வருவோம். என் பார்வையில் ஆபத்து இங்கேதான் அதிகம். "இது கருவிலிருந்து எடுத்ததில்லை, உங்கள் உடம்பிலிருந்தே எடுத்தது" என்பது விற்பனையாளர்களுக்குப் பிடித்த வசனம். கருவை அழிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நோய் குணமாகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஸ்டெம் செல்லைக் கொண்டு வழக்கமான சிகிச்சையாக நிலைபெற்றது, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. இது போக, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்புதல் வாங்கிய தயாரிப்புகள் மிகச் சில. பெங்களூருவின் ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனம் கால் ரத்த ஓட்ட நோய்க்காக எலும்பு மஜ்ஜைச் செல்களிலிருந்து செய்த மருந்து அப்படி ஒன்று. மற்றவை எல்லாம் அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையில் மட்டுமே தரலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

லட்சங்களில் பணம் கேட்டால் அது பரிசோதனை இல்லை. அதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு, அந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். 2019 மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை விளம்பரம் செய்யும் மருத்துவர் மீது கர்நாடக மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். ரசீதையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் வேறு பேச்சு; மேலே சொன்ன எலும்பு மஜ்ஜை மாற்று இதற்கு உண்டு. அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் தலசீமியா பால் சேவா திட்டத்தில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. தகுதி விவரங்களைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். உடன்பிறந்தவரின் திசுப் பொருத்தப் பரிசோதனை அறிக்கையையும் வருமானச் சான்றையும் கையோடு எடுத்துப் போனால் அலைச்சல் குறையும்.