பவர் விண்டோ ரீசெட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

காரின் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, ஒரே இழுப்பில் தானாக மேலே போய்க்கொண்டிருந்த கண்ணாடி விரலை எடுத்ததும் பாதியில் நின்றுவிடும். மெக்கானிக்கிடம் போனால், "ஒண்ணுமில்ல சார், பவர் விண்டோ ரீசெட் பண்ணணும்" என்பார்.

'விண்டோ' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'காற்றுக்கண்' என்பது அதன் பொருள். நம் 'காலதர்' இதற்கு வெகு நெருக்கம்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்றே வருகிறது. சன்னல் போர்த்துகீசியர் தந்தது. ஆனால் காருக்கு இவை எதுவும் வேண்டாம் என்பேன். "மழை வருது, கண்ணாடியை ஏத்து" என்றுதானே சொல்கிறோம்? கண்ணாடியே போதும்.

'பவர்' என்பதைத் 'திறன்' என்று பெயர்த்தால் ஒட்டாது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1941 மாடல் கார்களில் கொண்டுவந்த கண்ணாடி, திரவ அழுத்தத்தால் ஏறி இறங்கியது. கையால் சுற்ற வேண்டாம் என்பதுதான் அங்கே 'பவர்'. ஆகவே விசைக் கண்ணாடி. இன்று மோட்டார்தான் என்பதால் மின்கண்ணாடி என்றாலும் சரி.

'ரீசெட்' விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கணினித் தமிழில் அது 'மீட்டமை'. போனுக்குப் பொருந்தும்; இங்கே பொருந்தாது.

காரணம் இதுதான். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று ஓர் உணரி (சென்சார்) எண்ணிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று காருக்குத் தெரியும். தானாக ஏறும் கண்ணாடி குழந்தையின் கையில் பட்டால் உடனே கீழே இறங்க வேண்டும். உச்சியில் ரப்பரில் பட்டால் இறங்கக் கூடாது. உச்சி எது என்று தெரியாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். அப்புறம் தானாக ஏற்றும் வசதியைக் காரே நிறுத்தி வைக்கும். இது பழுதில்லை, பாதுகாப்பு ஏற்பாடு.

ஆக, பழைய கணக்கு போயே போய்விட்டது, மீட்பதற்கு ஒன்றுமில்லை. சில கையேடுகள் 'இனிஷியலைஸ்' என்கின்றன. தொடக்கம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஜெர்மானியர் 'ஆன்லெர்னன்' என்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வந்தவருக்குத் தொழில் பழக்குவதற்கும் அவர்களிடம் அதே சொல்தான். நடப்பதை அப்படியே சொல்வது அதுதான். எனவே என் தேர்வு 'எல்லை பழக்குதல்'. "கண்ணாடிக்கு எல்லை பழக்கணும்" என்றால் பட்டறையில் யாருக்கும் புரியும்.

செய்முறை காருக்குக் கார் சற்று மாறும். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் இப்படித்தான்: இக்னிஷனைப் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, பொத்தானை மேலே இழுத்துப் பிடித்து உச்சிவரை ஏற்ற வேண்டும். ஏறி முடித்ததும் விரலை எடுத்துவிடாமல் இன்னும் சில விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடியில்தான் உச்சி பதிவாகிறது. பல கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் அந்தந்தக் கதவின் பொத்தானிலேயே இதைச் செய்ய வேண்டியிருக்கும். பழக்கி முடியும்வரை, கை பட்டால் இறங்கும் காப்பு வேலை செய்யாமல் போகலாம். அதனால் குழந்தைகளை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.