37ஆம் வீட்டில் விளக்கு எரிவது எப்படி?

குடியாத்தத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி எழுதியிருக்கிறார். வீட்டு மாடித் தொட்டி நிரம்பியதும் ஒரு எல்.இ.டி. எரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்சும் வாங்கி, இத்தகைய பலகைகளுக்கு நிரல் எழுதும் எம்பெடட் சி கற்கத் தொடங்கியிருக்கிறார். எல்.இ.டி.யை மட்டும் எரியவைத்த முதல் நிரல் வேலை செய்தது. சுவிட்சைச் சேர்த்த பிறகு மிதவை ஏறினாலும் இறங்கினாலும் விளக்கில் மாற்றமே இல்லை. "ராசியில்லாத போர்டு, மாற்றிவிடு" என்றாராம் தோழி. மாற்ற வேண்டாம். அனுப்பிய நிரலைப் பார்த்தேன், ஒரே ஒரு சொல்தான் குறைகிறது.

மாறி, சுழல், நிபந்தனை எல்லாம் அவர் பாடத்திலேயே படித்தவை. கணினியில் சி எழுதும்போது நினைவகத்தில் 32 என்று வைத்தால் அது 32 ஆகவே கிடக்கும். ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலரில் அதே 32 விளக்கை எரியவைக்கும். பல ஆண்டுகள் பழகியும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

ஊனோ பலகையில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஏடிமெகா328பி என்ற சில்லு. அதன் தரவு நினைவகத்தை வீட்டு எண் போட்ட நீண்ட தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 8 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் எட்டு இடங்கள். 256ஆம் எண்ணிலிருந்து 2,048 வீடுகள் சாதாரணக் குடியிருப்புகள். அவற்றுக்கு முன்னால் உள்ள சில வீடுகளிலிருந்து மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே கம்பி போகிறது. 'போர்ட்-பி' என்று நிரலில் எழுதுகிறோமே, அது 37ஆம் வீடு.

அந்த வீட்டின் ஒவ்வொரு பிட்டும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப், அதாவது 0 அல்லது 1ஐப் பிடித்து வைத்திருக்கும் சிறு சுற்று. அதன் வெளியீடு, மின்சுவிட்சு போல வேலை செய்யும் இரண்டு டிரான்சிஸ்டர்களை ஆள்கிறது. ஒன்று சில்லின் காலை (கம்பி இணைக்கும் உலோக முனையை) 5 வோல்ட்டோடு சேர்க்கும், மற்றது தரையோடு (0 வோல்ட்டோடு) சேர்க்கும். பிட் 1 ஆனால் முதலாவது கடத்தும், இரண்டாவது நின்றுவிடும். 0 ஆனால் நேர்மாறு. காலை வெளியீடாக வைப்பதா என்பதை 36ஆம் வீடு முடிவு செய்கிறது. 32 என்பது இருமத்தில் ஆறாவது பிட் மட்டும் 1 ஆக உள்ள எண். 36இல் 32, பிறகு 37இல் 32 எழுதினால் ஊனோவின் 13ஆம் காலில் 5 வோல்ட் வந்துவிடும். எண்ணை மின்சாரமாக மாற்றும் படி எதுவும் நடுவில் இல்லை. அந்த எண் முதலிலிருந்தே மின்னழுத்தம்தான்!

காலின் நிலையை வாசிக்க 35ஆம் வீடு. மாணவியின் நிரல் தடுக்கியது இங்கேதான். அந்த முகவரியைக் கையாலேயே எழுதி, சுழலுக்குள் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் சிக்கனக்காரர். 'இந்த நிரலில் யாரும் 35இல் எதையும் எழுதவில்லை, எனவே அது மாறாது' என்று முடிவுகட்டி, ஒரு முறை படித்த மதிப்பையே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. காலையில் பாலாற்றைப் பார்த்து 'வெறும் மணல்' என்று சொன்னவர், மாலை வரை எட்டிப்பார்க்காமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பது போல. மேலே எங்கோ பெய்யும் மழை அவர் கணக்கில் இல்லை. 2021 நவம்பரில் அந்த மணலில் வெள்ளம் புரண்டதை நாம் பார்த்தோம்.

'வாலட்டைல்' என்ற சொல்லைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி கம்பைலருக்கு ஆணை. 35ஆம் வீட்டைக் குறிக்கும் 'பின்-பி' போன்ற ஆயத்தப் பெயர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. முகவரியைக் கையால் எழுதும்போதும், இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல்பகுதி) மாற்றும் மாறிகளுக்கும் நாமேதான் எழுத வேண்டும்.

ஆய்வகத்தில் 'ராசி' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறு எங்கே என்று தேடும் கையை அது கட்டிப்போடுகிறது. அரசுப் பள்ளிகளுக்குக் கருவி வாங்க நிதி ஒதுக்குவோரும், பிள்ளைகள் கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கக்கூடிய இத்தகைய பலகைகளை முதலில் வாங்க வேண்டும் என்பேன்.

தொட்டி விளக்கு சரியானதும் மோட்டாரையும் இணைக்கத் தோன்றும். நேரடியாக வேண்டாம். ஒரு காலின் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான். நடுவில் டிரான்சிஸ்டரும் ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்சுற்றை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள். 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.